வர்ணனைக்குப் பொருந்துபவர்

ஏழாம் வகுப்பின் நாற்காலிகள் ஒவ்வொன்றாகத்தான் உயிரை விட்டன. முதலில் ஒன்றுக்குக் கால் போனது. பக்கத்து நாற்காலியின் காலைக் கழற்றி இதற்கு மாட்டினார்கள். பக்கத்து நாற்காலி படுத்தது. அதற்கு எதிர்வரிசையிலிருந்து ஒரு கால். கடைசியில் தலைமையாசிரியையின் நாற்காலியிலிருந்தும் இரண்டு கால்கள் இரவல் போயின. அதன் பிறகு அவர் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தே பள்ளியை நடத்தினார். அவர் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் டமார் என்று ஒரு சத்தம் வரும். ஆசிரியர்களுக்கு அது ஒருவகையில் வசதி.

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். முழங்கால்தான் மேசை. வாத்தியார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அவர் கவலை.

அவர் தற்காலிக வாத்தியார். சேரும்போது "கொஞ்ச நாளைக்கு" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாளில் அவருக்குக் கல்யாணம் ஆனது, முன்மண்டையில் முடி போனது, அவருக்குப் பின்னால் வந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர் நிரந்தரமாகி, ஓய்வும் பெற்றுவிட்டார். வாத்தியார் மட்டும் கொஞ்ச நாளிலேயே நின்றார். மைத்துனன் குடிநீர் அலுவலகத்தில் நிரந்தர ஊழியன். அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுப் போகும்போதெல்லாம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பான்.

"என்ன மாமா, வேலை இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கா?"

"ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

"பசை காய்ஞ்சிடாம பாத்துக்குங்க."

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைமையாசிரியை ஒருநாள் வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பினார். டமார்.

"மேலிடத்துலேர்ந்து ஆய்வாளரம்மா வராங்க. அடுத்த மாசம். கட்டுரை வகுப்பு ஒண்ணு பாக்கணுமாம். உங்க பேரைக் குடுத்திருக்கேன். அவங்க எழுதற அறிக்கையை வெச்சுத்தான் உங்களை நிரந்தரம் பண்றதா வேணாமான்னு முடிவு."

"இல்லேன்னு எழுதிட்டா மேடம்?"

"இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே இருக்கலாம். ஆனா இங்க இல்ல."

இருந்தாலும் கட்டுரை விஷயத்தில் வாத்தியார் ஆள் கொஞ்சம் கெட்டி. வர்ணனை எழுதச் சொல்லிக்கொடுப்பதற்கு அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அதைக் கரும்பலகைக்கு மேலே ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்: 'அழகு, நல்ல, சிறப்பு, அருமை – இந்த நாலும் உள்ளே வரக்கூடாது.' எவனாவது 'நல்ல மரம்' என்று எழுதினால் வாத்தியார் நிமிர்ந்து, "நல்லன்னா? அது யாருக்காச்சும் உதவி பண்ணுச்சா?" என்பார். 'அழகான வீடு' என்றால், "எங்க, காட்டு. கண்ணுக்குத் தெரியற மாதிரி காட்டு." பிள்ளைகள் இதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் 'குழம்பு நல்லா இருக்கா' என்று அம்மா கேட்டால் 'நல்லான்னா?' என்று திருப்பிக் கேட்டு அடி வாங்கினார்கள்.

ஆய்வுக்கு முன்னோட்டமாக வாத்தியார் ஒரு தலைப்புக் கொடுத்தார். நாற்காலி. வகுப்பில் இல்லாத ஒரே பொருள் அதுதான். இல்லாததைக் கண்முன் கொண்டுவருவதுதானே வர்ணனை என்று அவர் கணக்கு.

பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்து எழுதித் தள்ளினார்கள். வக்கீல் என்று எல்லோரும் கூப்பிடும் பெண், எதற்கும் எழுந்து வாதாடுகிறவள், இப்படி எழுதியிருந்தாள்: 'அதன் முதுகு வானத்தைத் தொட்டது.' ஒருவன் எழுதினான்: 'மழையில் நனைந்த நாய்போல நாற்காலி நடுங்கியது.' இன்னொருவன்: 'அதன் கைகள் என்னை அணைத்துக்கொண்டன. விடவே இல்லை.' வாத்தியாருக்குப் புல்லரித்தது.

ஒரே ஒருவன்தான் கழுத்தறுத்தான். அவனுக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள். எதை எழுதினாலும் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிடுவான். அவன் எழுதியது: 'நாற்காலி. நாலு கால். உட்காரலாம்.'

"என்னடா இது?"

"நாற்காலி சார்."

"இதுல வர்ணனை எங்க?"

"நாலுன்னு போட்டிருக்கேனே சார்."

வாத்தியார் பூஜ்யம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவன் மறுபடி எழுதினான். மறுபடி பூஜ்யம். மூன்றாம் தடவை பயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வரி சேர்த்தான்: 'இந்த நாற்காலிக்கு என்னைப் பிடிக்காது. என்னைப் பார்த்தாலே முதுகைக் காட்டும்.' வாத்தியார் முழு மதிப்பெண் போட்டு, தோளில் தட்டி, கட்டுரைகளை ஒரே கட்டாகக் கட்டி, தலைமையாசிரியை பார்க்கட்டும் என்று அலுவலக மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

அலுவலகத்தில் குமாஸ்தா இருந்தார். வேலையில் சுத்தமானவர். அவர் மேசைக்கு வந்த காகிதம் அன்று மாலையே வெளியே போய்விடும், ஒன்றுகூடத் தங்கியதில்லை. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். தலைப்பை மட்டும் படிப்பார். உள்ளே இறங்கினால் நேரம் போய்விடும், மனசும் கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. தலைமையாசிரியை புது நாற்காலி கேட்டு மேலிடத்துக்கு எழுதிய விண்ணப்பம், அதே வாரம், 'நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்ற விவரத்தை இணைத்து, நேரடியாகத் தச்சருக்கே அனுப்பவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்திருந்தது. பக்கத்திலேயே ஒரு கட்டு. மேலே கொட்டை எழுத்தில் 'நாற்காலி – வர்ணனை'. பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் இருந்தது குமாஸ்தாவுக்கு. இரண்டையும் சேர்த்துக் குத்தி, முத்திரை அடித்து அனுப்பிவிட்டார்.

ஆய்வு நாள் காலையில் பள்ளி வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. தச்சர் இறங்கினார். கண்ணெல்லாம் குழி விழுந்து, பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரி இருந்தார்.

"இதை எழுதின பசங்க எங்க?"

"என்ன விஷயம்?" என்றார் வாத்தியார்.

"விஷயமா? எங்கப்பா காலத்துலேர்ந்து நாற்காலி பண்றேன். நீளம் சொல்வாங்க, அகலம் சொல்வாங்க. இது என்னய்யா? 'சோகமான நாற்காலி'ன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். சோகத்துக்கு எந்த மரம்? மூணு மரம் மாத்திப் பாத்தேன். ஒண்ணு கோவமா வந்துச்சு, ஒண்ணு தூங்கி வழிஞ்சுது. கடைசியில எம் பொண்டாட்டி வந்து பாத்துட்டு, 'இதுதாங்க, இதைப் பாத்தா எனக்கு எங்கம்மா வீட்டுக்குப் போவணும் போல இருக்கு'ன்னா. போயிட்டா. இன்னும் வரலை."

வாத்தியாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "இதையெல்லாம் நீங்க செஞ்சுட்டீங்களா?"

"எழுதி, முத்திரை குத்தி வந்துச்சு. எழுதினதை நான் செய்வேன். வாயால சொன்னாத்தான் காதுல வாங்க மாட்டேன். எங்க தொழில் அப்படி."

நாற்காலிகள் இறங்கின. வக்கீலின் நாற்காலி கதவுக்குள் நுழையவில்லை; அதன் முதுகு முதல் மாடி ஜன்னல் வரைக்கும் போனது. ஜன்னல் வழியாக விட்டு, மேலே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் உச்சியைப் பிடித்துக்கொள்ள, கீழே அவள் உட்கார்ந்தாள். நாய் நாற்காலிக்கு அடியில் சுருள்கம்பி வைத்திருந்தார். உட்கார்ந்தவனின் பற்கள் தந்தி அடித்தன. நனைந்த வாடைக்கும் ஏதோ செய்திருந்தார். அணைத்துக்கொள்ளும் நாற்காலியில் உட்கார்ந்தவனை அதன் இரண்டு கைகளும் டக்கென்று பூட்டிக்கொண்டன.

"எப்படிக் கழட்டறது?" என்று வாத்தியார் பதறினார்.

தச்சர் காகிதத்தைப் புரட்டிக் காட்டினார். "விடவே இல்லைன்னு போட்டிருக்கு பாருங்க."

சோகமான நாற்காலியில் உட்கார்ந்த குண்டுப்பையன் ஒரு காரணமும் இல்லாமல் அழ ஆரம்பித்தான். ஏன்டா என்று கேட்டால், "தெரியலை சார், ஆனா வசதியாத்தான் இருக்கு" என்றான்.

முற்றுப்புள்ளியின் நாற்காலிதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. அதன் அடியில் ஒரு உருளை இருந்தது. பயல் முன்பக்கம் வந்தால் சுழன்று முதுகைக் காட்டும். பின்பக்கம் போனால் மறுபடி சுழலும். அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அதுவும் சளைக்கவில்லை. மற்றவர்களுக்கும் அதே கதிதான். எந்தப் பக்கம் போனாலும் முதுகு.

"இவனை மட்டும் எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறதுன்னு புரியலை," என்றார் தச்சர். "அதனால யாரையுமே பிடிக்காத மாதிரி பண்ணிட்டேன்."

இந்த நேரம் பார்த்து ஆய்வாளரம்மா உள்ளே வந்தார். கனத்த உடம்பு, தேய்ந்த முழங்கால், கையில் அறிக்கைத்தாள். பின்னால் தலைமையாசிரியை கைகளைப் பிசைந்துகொண்டே வந்தார்.

"வணக்கம். முதல்ல ஒரு நாற்காலி போடுங்க. மாடிப்படி ஏறி எறங்கி எனக்கு முழங்கால் விட்டுப்போச்சு. நின்னுக்கிட்டே என்னால வகுப்பு பாக்க முடியாது. முடியாதுன்னா முடியாதுன்னுதான் எழுதணும்."

வகுப்பில் முப்பத்து நான்கு நாற்காலிகள் இருந்தன. உட்கார ஒன்றுகூட இல்லை. தலைமையாசிரியை டின்னை எடுத்து வரட்டுமா என்று காதில் கேட்டார். ஆய்வாளரம்மா தானே ஒரு நாற்காலியைப் பிடித்தார். அது நாய் நாற்காலி. உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றுப்புள்ளியின் நாற்காலியை நோக்கிப் போனார். அது திரும்பிக்கொண்டது. அவர் சுற்றினார். அதுவும் சுற்றியது.

"என்னய்யா நடக்குது இங்க?"

வாத்தியாருக்கு வேலை கண்ணெதிரே வழுக்கிக்கொண்டு போவது தெரிந்தது. மைத்துனன் வாசலில் செருப்பை மாட்டிக்கொள்வது தெரிந்தது. வேறு வழியில்லை. தொண்டையைச் செருமினார்.

"மேடம், இன்னிக்குப் பாடம் அடித்தல் திருத்தல்," என்றார். "எழுதறது பாதி, அடிக்கறது பாதி. டேய் முற்றுப்புள்ளி, உன் கட்டுரையை எடு. எந்த வரி உக்கார விடாம பண்ணுது?"

"நீங்க மார்க் போட்ட வரி சார்."

வகுப்பு சிரித்தது. அணைப்பில் மாட்டியிருந்தவனும் சிரித்தான். அவனுக்கு மூச்சு முட்டியது.

"அதை அடி."

பயல் 'முதுகைக் காட்டும்' என்பதை அடித்தான். தச்சர் காகிதத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கோணலா அடிச்சிருக்கான், இருந்தாலும் அடிச்சதுதான்" என்று சொல்லிவிட்டு உருளையைக் கழற்றினார். நாற்காலி நின்றது. ஆனால் உட்காரப் போனால் லேசாக முன்னால் சரிந்து ஆளைத் தள்ளியது.

"இன்னும் 'பிடிக்காது' இருக்கு," என்றார் தச்சர்.

"அதையும் அடி!" என்று வகுப்பே கத்தியது.

அடித்தான். தச்சர் முன்கால்களுக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பார்த்தார். ரம்பத்தூள் பறந்தது. ஒரு சொல் போக ஒரு சீவல் விழுந்தது. பயல் எழுதியதில் கடைசியில் மிஞ்சியது மூன்றே வாக்கியம். நாற்காலி. நாலு கால். உட்காரலாம்.

ஆய்வாளரம்மா உட்கார்ந்தார். முழங்காலை நீட்டினார். "அப்பாடா" என்று அவர் விட்ட மூச்சில் முன்வரிசைக் காகிதங்கள் பறந்தன.

அதற்குப் பிறகு பாடம் தன்னால் நடந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அடித்தார்கள், தச்சர் அறுத்தார். 'விடவே இல்லை'யை அடித்ததும் பூட்டிக்கிடந்தவன் வெளியே விழுந்தான். வக்கீல் மட்டும் மறுத்தாள்; வானத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்று வாதாடி, 'ஜன்னலைத் தொட்டது' என்பது வரைக்கும் இறங்கி வந்தாள். ஆய்வாளரம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே சாவகாசமாகப் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதியதை வழக்கப்படி உரக்கப் படித்தார்.

"வகுப்பு சிறப்பாக இருந்தது. ஆசிரியர் நல்ல முறையில் பாடம் நடத்தினார். மாணவர்கள் அருமை. நிரந்தரம் செய்யலாம்."

வாத்தியாருக்குக் கால் தரையில் இல்லை. தலைமையாசிரியை கையைத் தட்டத் தூக்கினார். அப்போது ஜன்னலோரத்தில் ஒரு கை உயர்ந்தது.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றாள் வக்கீல். "சிறப்புன்னா என்ன மேடம்? கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே."

எல்லாத் தலைகளும் கரும்பலகைக்கு மேலே மாட்டியிருந்த அட்டைக்குத் திரும்பின. ஆய்வாளரம்மாவின் தலையும் திரும்பியது. நாலு சொற்களில் மூன்று அவர் தாளில் இருந்தன.

"வாத்தியாரே, நீங்க என்ன சொல்றீங்க?"

தலைமையாசிரியை பின்னால் நின்று கண்ணை உருட்டினார். வாயில் விரலை வைத்தார். கும்பிடக்கூடச் செய்தார். 'நீ உக்காரு பாப்பா' என்று மூன்று சொல் சொன்னால் போதும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க வேண்டும் என்று வாத்தியாருக்கு ஆசையும் இல்லை. ஆனால் இத்தனை காலம் ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் அவருடைய பேச்சைக் கேட்கவில்லை.

"அது வந்து மேடம், நல்ல முறைன்னா எந்த முறை?"

ரம்பம் நின்றது. ஆய்வாளரம்மா தாளைக் கிழித்தார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். வாத்தியாரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார், மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்குகிறவர் மாதிரி. பிறகு புதுத் தாளில் 'ஆசிரியர் – வர்ணனை' என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தார். வெகுநேரம் எழுதினார்.

"ஆசிரியர் ஒல்லி. நிற்கும்போது இடது பக்கம் சாய்கிறார். சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை; அந்த இடத்தில் ஒரு குண்டூசி. மூக்கு நுனியில் ஒரு துளி வியர்வை. விழப்போகிறது, விழவில்லை. வலது கையில் சாக்பீஸ், கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல. வாய் திறந்திருக்கிறது. சொல்லக் கூடாததைச் சொல்லி முடித்த வாய்."

பிள்ளைகள் வாத்தியாரின் வலது கையை எட்டிப் பார்த்தார்கள்.

"கோழிக்குஞ்சு தெரியுது மேடம்," என்றாள் வக்கீல் மெதுவாக.

ஆய்வாளரம்மாவின் முகம் முதல் மதிப்பெண் வாங்கிய சிறுமியின் முகமாக மாறியது. அந்த உற்சாகத்தில் அடியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்: 'மேற்கண்ட வர்ணனைக்குப் பொருந்துபவரை இப்பள்ளியில் நிரந்தரம் செய்யலாம்.' தாளைக் குமாஸ்தாவின் தட்டில் தானே வைத்துவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு வண்டி ஏறினார்.

அன்று வாத்தியார் வீட்டில் கொண்டாட்டம். அவர் மனைவி துணி தைக்கிறவள். பழைய உடுப்புகளைப் பிரித்து அளவு குறைத்துத் தைப்பதில் கெட்டிக்காரி. அறிக்கையில் எழுதியிருந்ததை வாத்தியார் ஒப்பித்ததும் அவளுக்குச் சந்தோஷமும் வந்தது, மானமும் போனது.

"பொண்டாட்டி தையல்காரி, புருஷன் சட்டையில குண்டூசி! அதை மேலிடத்துக்கு எழுதி வேற அனுப்பியிருக்காங்க. கழட்டுங்க முதல்ல."

"அதனால என்னம்மா, நிரந்தரம்னு போட்டுட்டாங்க."

"நிரந்தரமான ஆளு குண்டூசியோட போவீங்களா? கழட்டுங்கன்னா."

பொத்தானை வைத்து, நூலை நாலு மடங்காக்கி, இந்த ஜென்மத்தில் பிய்ந்து வராதபடி தைத்தாள். அவர் ஏன் சாய்கிறார் என்றும் அவளே கண்டுபிடித்தாள். இடது செருப்பின் குதிகால் தேய்ந்து போயிருந்தது. தம்பியைக் கூப்பிட்டு, மாமாவுக்குப் புதுச் செருப்பு வாங்கி வரச் சொன்னாள். மைத்துனன் செருப்பை நீட்டியபோது அவன் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது.

"வாழ்த்துகள் மாமா. இனிமே உங்களைக் கிண்டல் பண்ண எனக்கு விஷயமே இல்ல. எதைப் பேசறதுன்னு தெரியலை."

"தண்ணி வரலைன்னு பேசு மச்சான்," என்றார் வாத்தியார். அவர் அவனிடம் சொன்ன முதல் நகைச்சுவை அது. புதுச் செருப்பில் நேராக நின்று சொன்னார்.

நியமன ஆணை வந்த நாளும் தச்சரின் வண்டி மறுபடி வந்த நாளும் ஒன்றாக அமைந்தன. வண்டியில் சாக்குப் போட்டு மூடி எதையோ நிற்கவைத்திருந்தார்.

"இதுல வேலை ஜாஸ்தி," என்றார் தச்சர். "சாய்வுதான் உயிரை வாங்கிடுச்சு. விழாம சாயணும் இல்லையா?"

சாக்கை இழுத்தார். உள்ளே வாத்தியார் நின்றார். வெளிர்ந்த மரம், ஒல்லி, இடது பக்கம் சாய்வு. சட்டையையும் மரத்திலேயே செதுக்கி, மூன்றாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் நிஜக் குண்டூசி ஒன்றைக் குத்தியிருந்தார். கையில் சாக்பீஸ், கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல. வாய் திறந்திருந்தது. அந்த வாயைப் பார்த்த தலைமையாசிரியை தன்னையறியாமல் விரலை உதட்டில் வைத்து, "உஷ்" என்றார்.

"யாரு இதைச் செய்யச் சொன்னது?" என்று வாத்தியார் கத்தினார்.

குமாஸ்தா நிதானமாக வந்தார். "வர்ணனைன்னு தலைப்பு இருந்துச்சு. வர்ணனை தச்சருக்குப் போகும். போன தடவையும் அப்படித்தானே போச்சு? ஒரு நகல் மேலிடத்துக்கு, ஒரு நகல் தச்சருக்கு. மேலிடத்துலேர்ந்து ஆணையும் வந்துடுச்சு." ஆணையைப் பிரித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, கூட்டம் கூடிவிட்டதால், தலைப்புக்குக் கீழேயும் படித்தார். "இணைப்பில் கண்ட வர்ணனைக்குப் பொருந்துபவரை இன்றே நிரந்தரமாகப் பணியில் சேர்த்துக்கொள்ளவும். பேரு எதுவும் போடலை. எடம் ஒண்ணு. ஆனா இங்க ரெண்டு பேர் இருக்கீங்க."

"ரெண்டு பேரா? யோவ், அது மரம்யா!"

"மரம் இல்லாதவரா இருக்கணும்னு வர்ணனையில இருக்கா?" என்றார் குமாஸ்தா. அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

தலைமையாசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பொறுப்பைக் கைகழுவுகிறவர்கள் எப்போதும் செய்வதைச் செய்தார். "ஏழாம் வகுப்பைக் கூப்பிடுங்க. வர்ணனை பாக்கத் தெரிஞ்சவங்க அவங்கதான். அவங்க சொல்லட்டும்."

பிள்ளைகள் வந்து வட்டமாக நின்றார்கள். வக்கீல் தாளை வாங்கி, வரிவரியாகப் படித்தாள். ஒல்லி: இரண்டு பேரும். சாக்பீஸ்: இரண்டு பேரும். வாய்: வாத்தியாரின் வாய் அப்போது தானாகவே திறந்துதான் இருந்தது. அதுவரை சமம்.

"இடது பக்கம் சாய்கிறார்."

வாத்தியார் நேராக நின்றார். புதுச் செருப்பு. சட்டென்று இடது செருப்பை மட்டும் கழற்றி எறிந்தார். சாய்ந்தார். பிள்ளைகள் கூடிப் பேசி, சரி என்றார்கள்.

"மூன்றாவது பொத்தான் இல்லை."

வாத்தியார் பொத்தானைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். பல்லால் கடித்து இழுத்தார். சட்டை கிழிந்து வந்தது. துணித்துண்டின் நடுவில் பொத்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவள் தைத்தால் அப்படித்தான்.

"பொத்தான் இருக்கு சார்," என்றான் முற்றுப்புள்ளி. "சட்டைதான் இல்ல."

"டேய், இப்ப சட்டையில பொத்தான் இல்லதானேடா?"

வகுப்பு மறுபடி கூடிப் பேசியது. குண்டூசி இல்லை, ஆனால் பொத்தான் இல்லாதது உண்மை, பாதி மதிப்பெண் தரலாம் என்று தீர்ப்பானது.

"மூக்கு நுனியில் ஒரு துளி வியர்வை," என்று படித்தாள் வக்கீல். "அவருக்கு இருக்கறது பிசின், வியர்வை இல்ல. இதுல முழுசா வாங்கினீங்கன்னா ஜெயிச்சுடலாம் சார்."

மர வாத்தியாரின் மூக்கு நுனியில் தச்சர் பிசின் வைத்திருந்தார். வெயிலில் அது மின்னியது. வாத்தியாரின் மூக்கு காய்ந்திருந்தது. அவர் ஒற்றைச் செருப்போடு மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். நொண்டி நொண்டி ஓடினார். பிள்ளைகள் "ஓடுங்க சார், ஓடுங்க" என்று கத்தினார்கள். அவர்களுக்கு அவர்மேல் பாசம்தான், அதில் சந்தேகமில்லை. மூச்சிரைக்க வந்து நின்றபோது நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி, மூக்கின் மேல் வழிந்து, நுனிக்கு வந்து, நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். துளி தொங்கியது. ஆடியது. விழவில்லை.

வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசாமல் நின்றிருந்தால் போதும்.

"பாத்தீங்களா?" என்றார்.

துளி விழுந்தது.

மர வாத்தியாரின் மூக்கில் பிசின் விழப்போகிறது, விழவில்லை. வக்கீல் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எதிரே ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"விழுந்துடுச்சு சார்," என்றாள்.

பணியில் சேரும் படிவத்தில் கையெழுத்து வேண்டியிருந்தது. புதியவரால் எழுத முடியாததால் குமாஸ்தா அவரது கட்டைவிரலில் மை தடவி ஒற்றினார். மரத்தின் ரேகை பளிச்சென்று விழுந்தது. "இவ்வளவு தெளிவா இதுக்கு முன்னாடி யாரோடதும் விழுந்ததில்ல," என்றார். தச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் குடும்பத்திலிருந்து வேலைக்குப் போன முதல் ஆள்.

வாத்தியார் தன் பையை எடுத்தார். தலைமையாசிரியை கூப்பிட்டு நிறுத்தினார்.

"எங்க போறீங்க? உங்களை அனுப்பச் சொல்லி ஆணையில ஒரு வரியும் இல்லையே. அவரு நிரந்தரம், சரி. ஆனா அவரு சாக்பீஸ் எழுத மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு இருங்க."

சாயங்காலம் மைத்துனன் வந்து எல்லாவற்றையும் கேட்டான். அவன் முகம் தெளிந்தது. இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, லீவு வேணும்னா அந்தக் கட்டையைக் கேக்கணுமா?" என்றான். மனைவி கிழிந்த சட்டைக்கு உள்ளே ஒரு துணி கொடுத்து, பொத்தானோடு சேர்த்துத் தைத்தாள்.

மறுநாள் வகுப்பில் மர வாத்தியார் கரும்பலகைக்கு இடது பக்கம் சாய்ந்து நின்றார். பிள்ளைகள் தத்தம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அடித்துத் திருத்தியதில் எல்லாம் ஏறக்குறைய நாற்காலி ஆகிவிட்டிருந்தன. சோகமான நாற்காலியை மட்டும் குண்டுப்பையன் திருத்த விடவில்லை. அவன் அழுதுகொண்டே எழுதினான், வசதியாக.

"இன்னிக்கு என்ன சார் தலைப்பு?"

வாத்தியார் பக்கத்தில் நின்றவரை ஒரு பார்வை பார்த்தார். "இவரு," என்றார்.

முற்றுப்புள்ளி முதலில் முடித்துக் கொண்டுவந்து நீட்டினான். 'ரெண்டு வாத்தியார். ஒருவர் மரம். அவருக்கு வேலை இருக்கிறது.'

வாத்தியார் அதை வெகுநேரம் வைத்திருந்தார். அடிக்க ஒரு சொல் தேடினார். கிடைக்கவில்லை. முழு மதிப்பெண் போட்டார்.

மணி அடித்ததும் கட்டுரைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அலுவலக வாசலில் குமாஸ்தா நின்றார். மேசை சுத்தமாக இருந்தது. கை காலியாக இருந்தது.

"என்ன கட்டு அது? குடுங்க, இப்பவே அனுப்பிடறேன்."

வாத்தியார் கட்டைச் சட்டைக்குள் செருகினார். மூன்றாவது பொத்தானைப் போட்டார். அது இழுத்துப் பிடித்துக்கொண்டது.